வடிகாலும் மனமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் ஊராட்சி வரலாற்றில் மனநல நெருக்கடி

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதியோர் தோட்டத்துக் காய்ச்சலைப் பற்றியும் கங்காணி முறையைப் பற்றியும் கள்ளுக்கடைகளைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். மனநோயுற்ற தமிழரைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஆயினும் நம் பேச்சுவழக்கு அவரை மறந்துவிடவில்லை. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சிற்றூரின் பெயர், மூன்று இனத்தாரின் வாயிலும் இன்றளவும் கேலிச்சொல்லாக வழங்கி வருகின்றது. "அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்னும் தொடரில் கவனிக்கத்தக்கது 'அனுப்புதல்' என்னும் வினையாகும். மனம் கலங்கியவரை ஊரிலேயே வைத்துப் பார்த்தல் என்னும் எண்ணத்திற்கு அத்தொடரில் இடமில்லை.

இக்கட்டுரை கோலாலம்பூரையும் கிள்ளானையும் களமாகக் கொள்கிறது. ஒருவர் தம்மை மறந்து தெருவில் ஓடும்போதோ, உயிரை மாய்த்துக்கொள்ள முனையும்போதோ, மருத்துவமனையின் வாயிலை அடையும் முன்னுள்ள சில மணி நேரமே மனநல நெருக்கடி என இங்குக் குறிக்கப்படுகிறது. அந்நேரத்தில் ஊராட்சி மன்றத்துக்கு எந்தக் கடமையும் இல்லாமற்போனது எவ்வாறு என்பதே வினா. இக்குறைபாட்டை அண்மைக் கால நிருவாக மெத்தனமாகக் காண்போர் உளர். அது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட ஓர் அமைப்பின் விளைவு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

கிள்ளானின் வடிகால்கள்

கோலாலம்பூர்ச் சுகாதார வாரியம் 1890இல் அமைக்கப்பட்டது. வடிகால், கழிவகற்றல், சந்தை, தெருவிளக்கு, கட்டட ஒழுங்கு ஆகியவை அதன் பணிகள். நியமன உறுப்பினர்களைக் கொண்ட அவ்வாரியத்தில் தமிழருள் தம்புசாமிப் பிள்ளை இடம்பெற்றிருந்தார். இன்றைய மாநகர் மன்றத்தின் வேர் இதுவே. பெயரே அதன் இயல்பைக் காட்டுகின்றது. காலனிய அரசு ஊராட்சி என்பதைத் துப்புரவு என்றே பொருள்கொண்டது.

அத்துப்புரவுப் பணியை எளிதாக எண்ணிவிடலாகாது. 1901இல் மல்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானின் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், திறந்த சில வாரங்களுக்குள் மலேரியா பரவித் தொழிலாளரும் அலுவலரும் ஒருங்கே வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சு எழுந்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. அக்கண்டுபிடிப்பை நம்பிச் சதுப்பு நிலங்களை வடித்தும் நிரப்பியும் காடு வெட்டியும் வாட்சன் பணியாற்றினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582ஆக இருந்த இறப்பு, மறு ஆண்டில் 144ஆகக் குறைந்தது. உலகப் பொதுச் சுகாதார வரலாற்றில் கிள்ளானின் பெயர் இடம்பெற்றது இதனாலேயே.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கிள்ளானில் நோய் ஊரின் பொறுப்பாயிற்று. காய்ச்சல் வந்தவரை வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டு ஊர் அமைதி கொள்ளவில்லை. நோய் எங்கே பிறக்கிறதோ அங்கேயே பணமும் ஆளும் செலவிடப்பட்டன. துறைமுகம் இயங்க வேண்டும் என்னும் வணிகத் தேவை அதன் பின்னே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அத்தகைய தேவை மனநோயர் பொருட்டு எழவில்லை.

அரிசியை ஆராய்ந்த காப்பகம்

தஞ்சோங் ரம்புத்தானுக்கு முன்பே கோலாலம்பூரில் ஒரு மனநோயர் காப்பகம் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். மருத்துவ வரலாற்றில் அக்காப்பகம் பெற்ற இடம் வியப்புக்குரியது. அங்குப் பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் பரவியபோது, மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். 1905 டிசம்பர் 5ஆம் நாள் அங்கிருந்த நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பிரிவு. இரட்டைப்படை எண்ணினர் மறு பிரிவு. முன்னவர்க்குத் தீட்டிய சயாம் பச்சரிசி. பின்னவர்க்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. இருக்கும் இடம் நோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரும் தத்தம் அறைகளை மாற்றிக்கொள்ளச் செய்யப்பட்டனர். ஓராண்டின் முடிவில், சுமார் 120 பேர் கொண்ட பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். ஏறத்தாழ அதே அளவினதாகிய புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. முடிவுகள் 1907இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

தமிழ்த் தொழிலாளரைப் பெரிபெரி அவ்வளவாகத் தாக்காமைக்குக் காரணம் அவர்கள் உண்ட புழுங்கலரிசியே என்னும் கருத்தை, இதே காலத்தில் பிராடன் என்னும் மருத்துவரும் வலியுறுத்தி வந்தார். பின்னர் உயிர்ச்சத்து பற்றிய அறிவியல் வளர்ந்த வழியில் கோலாலம்பூர்ச் சோதனை ஒரு மைல்கல்லாகப் போற்றப்படுகிறது. நம் அடுக்களை அரிசிக்கு இத்தகைய வரலாறு உண்டு என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

எனினும் அவ்வரிசையில் நின்றவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுள் எவரிடமும் ஒப்புதல் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அக்காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை. அவர்கள் எண்ணப்பட்டனர், நிறுக்கப்பட்டனர், நோக்கப்பட்டனர். அவர்தம் கால்வீக்கம் உலக அறிவுக்குப் பயன்பட்டது. அவர்களை அங்குக் கொண்டுவந்து சேர்த்த மனத்துயர் எவ்வாறு தொடங்கியது, அப்போது அருகில் யார் இருந்தனர், என்ன மொழியில் என்ன சொன்னார்கள் என்பவை அவ்வறிக்கையின் பொருளாக அமையவில்லை. கோலாலம்பூரின் நடுவே, ஊரார் கண்ணெதிரே மனநோயர் இருந்த காலத்திலும், மனநோய் ஊரின் வினாவாகவில்லை.

ஊரை விட்டு வெளியே

1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் கூட்டு மலாய் மாநிலங்களுக்கான மத்திய காப்பகம் திறக்கப்பட்டது. சாமுவெல்ஸ் என்பவர் அதன் முதல் மருத்துவக் கண்காணிப்பாளர். பரந்த நிலம், தோட்டவேலை, திறந்தவெளி என அக்காலச் சிந்தனைக்கேற்ப நல்ல நோக்கத்தோடு அது தொடங்கப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சிலாங்கூரின் நோயாளி இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்றார். தஞ்சோங் ரம்புத்தான் இரயில் பாதையில் அமைந்த ஊர். அப்பாதையின் ஊழியர் பலர் வாழ்ந்த இடமோ பிரிக்பீல்ட்ஸ். யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் தென்னிந்தியத் தொழிலாளரும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த அப்பேட்டைக்கும் தொலைவிலிருந்த காப்பகத்துக்கும் இடையே தண்டவாளம் இருந்தது. தண்டவாளத்தின் இம்முனையில் நெருக்கடியை எதிர்கொள்ளும் அமைப்பு எதுவும் உருவாக்கப்படவில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயர்க்குக் காப்பகம் அமைக்கும் கடமையை ஒவ்வொரு கவுண்டியின் மீதும் சுமத்தியது. கவுண்டி என்பது அந்நாட்டு வட்டார ஆட்சி அலகு. வறிய மனநோயரைப் பேணும் செலவு உள்ளூர் வரியிலிருந்து வந்தது. ஆகவே உள்ளூர் நீதிபதிகளும் வரி செலுத்துவோரும் கணக்குக் கேட்டனர். அக்காப்பகங்களும் பின்னாளில் நெரிசலுற்றுச் சீரழிந்தன. அவற்றை முன்மாதிரி எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் மனநோயர் இன்ன ஊரின் பொறுப்பு என்னும் கொள்கையேனும் அங்குச் சட்டத்தில் இருந்தது. அதே ஆட்சியாளர் மலாயாவில் அக்கொள்கையைப் புகுத்தவில்லை. இங்கு மக்கள் குடிமக்களாக அன்றி, உழைக்க வந்தவர்களாகவே கருதப்பட்டனர். உழைக்க இயலாதவர் ஒன்று காப்பகத்துக்கு, அன்றேல் கப்பலுக்கு. 1907இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதி, தொழிலாளரை அழைத்துவரும் செலவை ஏற்றது. வேலைக்குத் தகுதியற்றோரைத் திருப்பி அனுப்பவும் அந்நிதி பயன்பட்டது.

தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் கடினம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டும் என்றது. அம்மருத்துவம் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. தோட்டத்து டிரெசர் கொய்னா கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப்போடுவார். மனம் கலங்கியவர்க்கு அவரிடம் மருந்தில்லை. அத்தகையோர்க்குக் கோயில் பூசாரியும் மந்திரித்துக் கயிறு கட்டுபவருமே முதலுதவியாளர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. அவர்களேனும் நோயாளியின் மொழியில் பேசினர். அவர் சொல்வதைக் கேட்டனர்.

1952ஆம் ஆண்டின் இரு சட்டங்கள்

மலாயாவின் ஊராட்சி வரலாற்றில் 1952 சிறப்பான ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. சிற்றூர்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் மன்றங்கள் அமைக்க வழிசெய்த ஊராட்சி மன்றச் சட்டமும் அவ்வாண்டினதே. அதே 1952இல்தான் மனநோய்ச் சட்டமும் இயற்றப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கியவர் அரியர். முதற்சட்டம் மக்களுக்குத் தம் ஊரை ஆளும் உரிமையின் முதற்படியை அளித்தது. இரண்டாவது சட்டமோ, மனநோயரைக் காவலர், மாஜிஸ்திரேட், அரசு மருத்துவர் ஆகியோரின் கையில் ஒப்படைத்தது. புதிதாய்ப் பிறந்த ஊர் மன்றம் அதில் இடம்பெறவில்லை.

1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசமைப்புச் சட்டம் இப்பிரிவினையை நிலைப்படுத்தியது. அதன் ஒன்பதாம் அட்டவணையில், மனநோயும் மனவளர்ச்சிக் குறையும் அத்தகையோரை ஏற்றுச் சிகிச்சை அளிக்கும் இடங்களும் கூட்டரசின் அதிகாரப் பட்டியலில் வைக்கப்பட்டன. ஊராட்சி, மாநிலப் பட்டியலில் சேர்ந்தது. பொதுச் சுகாதாரமும் துப்புரவும் நோய்த் தடுப்பும் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் இடம்பெற்றன. வாட்சனின் வடிகால் பொதுப் பட்டியலில். பிளெட்சரின் நோயாளி கூட்டரசுப் பட்டியலில். காலனியக் காலத்து வழக்கம் அரசமைப்பின் விதியாயிற்று.

அதற்குப் பிறகும் வாய்ப்பு இல்லாமலில்லை. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டபின், ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்கு மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமை ஏற்றார். தமிழர் ஒருவர் நாட்டின் ஊராட்சி அமைப்பு முழுவதையும் ஆராய்ந்து எழுதிய அறிக்கை அது, 1968இல் அளிக்கப்பட்டது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என அது பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன உறுப்பினர் முறையையே நிலைநாட்டியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்திருந்தால் மனநலம் கவனிக்கப்பட்டிருக்கும் என உறுதியாகக் கூறவியலாது. வாக்குக் கேட்டு வருபவரிடம் ஒரு தாய், நள்ளிரவில் தன் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்லி முறையிடும் வழி அடைபட்டது என்பது மட்டும் உறுதி.

பெயர் மாற்றமும் சட்ட மாற்றமும்

தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு காலத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். 1971இல் அதற்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, எனப் பெயர் சூட்டப்பட்டது. அரசு பெயரை மாற்றியது. மக்கள் ஊர்ப்பெயரையே தொடர்ந்து வழங்கினர். இதனிடையே பொது மருத்துவமனைகளில் உளமருத்துவப் பிரிவுகள் தோன்றலாயின. பினாங்கு 1958இல் வழிகாட்டியது. 1960களில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உளமருத்துவச் சேவையைத் தொடங்கியது. நோயாளியை ஊருக்கு அருகே கொணர்ந்த இம்மாற்றம் மிகப் பெரிது. ஆனால் அருகே வந்தது மருத்துவமனை. வீட்டு வாயிலுக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடைப்பட்ட வழி முன்பிருந்தவாறே இருந்தது.

1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயால் தமக்கோ பிறர்க்கோ தீங்கு விளைவிக்கக் கூடியவரைக் காவலரும் சமூக நல அதிகாரியும் பிடித்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மருத்துவ ஆய்வுக்குக் கொண்டுசெல்லலாம் என்பது அதன் ஏற்பாடு. நள்ளிரவில் சமூக நல அதிகாரி கிடைப்பது அரிது. எனவே நடைமுறையில் வருபவர் சீருடை அணிந்த காவலரே. பிள்ளையைக் காப்பாற்ற அழைத்த பெற்றோர், பிள்ளைக்குக் கைவிலங்கு இடப்படுமோ என அஞ்சி அழைக்காமலே இருந்துவிடும் நிலை இதனால் எழுகிறது. தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் ஓராண்டுவரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக நீடித்தவரை, அவ்வச்சத்துக்குச் சட்டக் காரணமும் இருந்தது. அப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

இது நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் செய்தி. உளமருத்துவர் மணியம் கேமரன் மலையில் நடத்திய ஆய்வு 1988இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளிவந்தபோதே, இந்தியரிடையே தற்கொலை மிகுந்திருப்பது சுட்டப்பட்டது. 2007இல் தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் அறிக்கைகளும், இந்தியர் விகிதம் அவர்தம் மக்கள்தொகைப் பங்கினும் மிகுதி எனக் காட்டின. தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிய 1980, 1990களில், அங்கிருந்து பெயர்ந்தோர் கிள்ளானிலும் கோலாலம்பூரின் அடுக்குமாடிகளிலும் குடியேறினர். தோட்டத்தில் குறையோடேனும் இருந்த கோயிலும் அண்டை வீட்டாரும் டிரெசரும் ஒருசேர அற்றுப்போயினர். அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது வாடகைச் சீட்டு மட்டுமே. கோலாலம்பூரின் பொது அடுக்குமாடிகள் பலவற்றுக்கு மாநகர் மன்றமே உரிமையாளர் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்றைய இடைவெளி

தன்னார்வலர் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றனர். கோலாலம்பூர் 'பிஃபிரெண்டர்ஸ்' அமைப்பு 1970 முதல் தொலைபேசி வழி ஆறுதல் அளித்து வருகிறது. சுகாதார அமைச்சு 2015 முதல் 'மெந்தாரி' என்னும் சமூக மனநல மையங்களைத் திறந்தது. 2022இல் 15555 என்னும் எண்ணில் 'ஹீல்' உதவித் தொடர்பைத் தொடங்கியது. இவை அனைத்தும் போற்றத்தக்கன. எனினும் தொலைபேசியில் ஒலிக்கும் குரல் வேறு. வாயிற்கதவைத் தட்டும் கை வேறு.

மொழிச் சிக்கலும் இதனுள் அடங்கும். மூத்த தமிழ்ப் பெண் ஒருவர் தம் துயரை 'நெஞ்சு அடைக்கிறது', 'மனசே சரியில்லை', 'உடம்பு எரிகிறது' என உடல்வழிச் சொல்லுவார். கேட்பவர்க்குத் தமிழ் தெரியாவிடில், நெஞ்சு அடைப்பது இதய நோயாகப் பதிவாகும். மருத்துவச் சொல்லாக்கத்தில் நாம் 'மனச்சிதைவு', 'மனச்சோர்வு' எனச் செம்மையான கலைச்சொற்களைப் படைத்துள்ளோம். அவை பாடநூலில் உள்ளன. பாட்டியின் சொல்லையும் கலைச்சொல்லையும் இணைத்துக் காட்டும் சிறு கையேடு ஒன்று தமிழாசிரியரும் மருத்துவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி.

மனநோயை ஊராட்சி கையேற்பது இயலாத ஒன்றன்று. இத்தாலியில் மனநோய் மருத்துவமனைகள் மாவட்ட ஆட்சியின் கீழ் இருந்தன. ஆகவே திரியெஸ்தே மாவட்டத் தலைவர் மிக்கேலே சனெத்தி 1971இல் பிராங்கோ பசாலியா என்னும் உளமருத்துவரை அமர்த்தி, பெருங்காப்பகத்தைக் கலைத்து அதற்கீடாகப் பேட்டைதோறும் மையங்கள் தோற்றுவிக்க இடம் தர முடிந்தது. 1978இல் இத்தாலி நாடு முழுமைக்குமான சட்டம் அதனைப் பின்தொடர்ந்தது. உள்ளூர் அரசியல்வாதி ஒருவருக்கு அதிகாரமும் பொறுப்பும் ஒருங்கே இருந்தமை அங்குத் திருப்புமுனையாயிற்று. இதற்கு மறுமுனையில் தமிழ்நாட்டின் ஏர்வாடி உள்ளது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தர்காவை அடுத்த கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டனர். அக்கொட்டகைகள் ஊரறிய நடந்தவை.

நம் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திலும் வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பு, சுகாதாரம், வசதி ஆகியவற்றுக்கு வேண்டியவற்றைச் செய்யும் பொது அதிகாரம் மன்றங்களுக்கு உண்டு. அது அதிகாரம், கடமையன்று. எனவே கொசு மருந்து அடிக்க ஆளுண்டு, உணவகத்தைச் சோதிக்க ஆளுண்டு, அடுக்குமாடியில் ஒருவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு அலறும்போது செல்லப் பயிற்சி பெற்ற ஆளில்லை. அடுக்குமாடி அலுவலகத்தார்க்கும் மன்றத்தின் அமலாக்க அலுவலர்க்கும் முதலுதவிப் பயிற்சி அளிப்பதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

2023இல் திருத்தப்பட்ட மனநலச் சட்டம், நெருக்கடியில் தலையிடும் அதிகாரிகளின் பட்டியலை விரிவாக்கியது. காவலர், சமூக நல அதிகாரி ஆகியோரோடு தீயணைப்பு வீரரும் கடல்சார் அமலாக்க அதிகாரியும் பொதுத் தற்காப்புப் படையினரும் சேர்க்கப்பட்டனர். அனைவரும் கூட்டரசின் ஊழியர். ஊராட்சி மன்ற அலுவலர் எவரும் அப்பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிள்ளான் நகராண்மைக் கழகம் அரச மாநகர் மன்றமாக உயர்த்தப்பட்டது.